தடை முகாமுக்குள்ளேதான் இருக்கிறது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கதிரை கிடைக்காமல் பின்னுக்கு நின்று கேட்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

மதிலையும் பூட்டையும் நம்பாத திறந்தவெளிச் சிறை முகாமில் இருக்கிறவன் திருந்தி வாழ்வதற்குப் பெருந்தடை எது, முகாமின் நிலைமையா, வெளியில் இருக்கும் சமூகமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் சமூகத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். ‘மறியலுக்குப் போனவன் என்று ஊர் ஒதுக்குகிறது, பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்காது, ஒருவரும் வேலை கொடுக்க மாட்டார்கள், முகாமில் எல்லாம் ஒழுங்கு, வெளியில்தான் எல்லாம் பிழை’ என்றார். கைதட்டலும் வாங்கினார். சமூகத்தைத் திட்டினால் கைதட்டல் நிச்சயம், தட்டுவதும் அதே சமூகம்தான்!

அண்ணனுக்கு நான் ஓர் ஊரைக் காட்டுகிறேன். இந்தியாவில், ராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேர். 1963 முதல் அங்கே திறந்தவெளிச் சிறை இருக்கிறது. இருப்பவர்களில் கணிசமானோர் கொலை வழக்கில் ஆயுள்தண்டனை பெற்றவர்கள். மனைவி பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள். காலையில் பெயர் கூப்பிடுவார்கள், பிறகு வேலைக்குப் போகலாம், மாலையில் திரும்பவும் பெயர் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுச் செலவை அரசு பார்ப்பதில்லை, அவனே உழைத்துத் தன் அடுப்பை எரிக்க வேண்டும். இவர்களுக்கு வேலை கொடுப்பது யார்? ஜெய்ப்பூரில் இருக்கிற கடைக்காரரும் கட்டட மேஸ்திரியும் தொழிற்சாலைக்காரரும். கொலைகாரன் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். எங்கள் சமூகத்தைவிட அவர்கள் புனிதர்களா? இல்லை. அந்தச் சிறையின் ஏற்பாடு அவனை நாள்தோறும் அவர்கள் கண்முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. பார்த்துப் பழகினால் பயம் போகிறது. சமூகம் ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் முகாமின் விதியிலிருந்துதான் தொடங்குகிறது.

‘அது இந்தியா, இது எப்படி எல்லோருக்கும் பொருந்தும்’ என்பார்கள். சரி, இத்தாலிக்கு வாருங்கள். மிலானுக்கு அருகே பொல்லாத்தே என்ற சிறை 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பகலில் அறைக்கதவுகள் திறந்திருக்கும், வேலைக்கு வெளியே போகவும் வழியுண்டு. வேறு சிறைகளில் இடநெருக்கடி ஏற்பட்டபோது அங்கே மாற்றப்பட்ட கைதிகளையும் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தண்டனையில் அங்கே கழித்த பங்கு கூடக் கூட, வெளியே வந்து மறுபடி குற்றம் செய்வது குறைந்தது. வெளியே வந்தபோது எல்லோருக்கும் ஒரே இத்தாலி, ஒரே சமூகம். வேறாக இருந்தது உள்ளே கழித்த காலம் மட்டும். எதிரணி இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.

இனி நம் நாட்டுக்கு, இலங்கைக்கு வருவோம். நம் திருகோணமலையில் இருப்பது விளக்கமறியல் சிறை, வழக்கு முடியாதவர்களை வைக்கும் இடம். திறந்தவெளி முகாம் என்றால் பல்லேகலை, அனுராதபுரம் என்றுதான் போக வேண்டும். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 89ஆவது விதி, இப்படிப்பட்ட நிறுவனங்கள் தப்பியோடுவதைத் தடுக்கச் சுவரை நம்பாமல் கைதியின் சுயகட்டுப்பாட்டை நம்புகின்றன, ஆகவே கவனமாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் புனர்வாழ்வுக்கு இதுவே மிக உகந்த சூழல் என்கிறது. ‘கவனமாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள். முதற்கோளாறு அங்கேதான்.

எவனைத் தெரிவு செய்கிறார்கள்? ஓடமாட்டான் என்று நம்பக்கூடியவனை. ஓடமாட்டான் என்பது ஒரு கணக்கு. மறுபடி குற்றம் செய்வான் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பிவிடுகிறோம். நீண்ட தண்டனையின் கடைசிப் பகுதியில் இருக்கிற, வயது ஏறிய, ஒரே ஒரு கொலை வழக்கில் உள்ளே வந்த மனிதர் ஓடமாட்டார். உண்மையில் அவர் எந்தச் சிறையில் இருந்தாலும் மறுபடி கொலை செய்யப்போவதில்லை. அவரை முகாமுக்கு அனுப்பிவிட்டு ‘பாருங்கள், திருந்திவிட்டார்’ என்று ஏட்டில் எழுதுகிறோம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் வருகிறவன், ஐஸ், ஹெரோயின் வழக்கில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போய் அடுத்த வருடம் திரும்பி வருகிறவன், தண்டனை பெற்று நம் சிறைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இவர்கள்தான். குறுந்தண்டனை என்பதாலேயே இவர்கள் தெரிவுப் பட்டியலுக்கு எட்டுவது அரிது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து முடிவதற்குள் விடுதலைத் திகதி வந்துவிடும். மருந்து யாருக்குத் தேவையோ அவனுக்கு வரிசையில் இடமில்லை. இதில் ஊர்ச்சனம் செய்த பிழை என்ன?

தெரிவானவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திறந்த முகாமிலிருந்து ஓடுகிறவன் பெரும்பாலும் வந்த புதிதில்தான் ஓடுகிறான். பல வருடம் பூட்டுக்குள் இருந்தவனுக்குத் திடீரென்று வேலியில்லாத வயல். வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்ற ஒரு செய்தி, மூடிய சிறையில் பட்ட கடன் ஒன்று, கூட இருக்கிறவனின் அச்சுறுத்தல், இதில் ஏதாவது ஒன்று போதும். முதல் சில வாரங்களில் வாரம் இரண்டு தொலைபேசி அழைப்பு, தனியாக உட்கார வைத்துக் கதைக்க ஒரு நலன்புரி உத்தியோகத்தர், அவனுடைய மொழி தெரிந்தவராக. இவ்வளவும் இருந்தால் பாதிப் பிரச்சினை முளையிலேயே போகும். மூதூரிலிருந்து போன, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவன், ஒழுக்காற்று விசாரணையில் கையொப்பம் வைக்கும் தாள் எந்த மொழியில் இருக்கிறது என்று எதிரணி ஒருக்கால் விசாரித்துப் பார்க்கட்டும். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடுகிறவனிடம் சுயகட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறோம்!

அடுத்து வேலை நேரம். வயல் வேலை, தென்னை, மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம், எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் ஆட்களை எண்ணும் கணக்கு இருக்கிறதே, விடியக் கணக்கு, வேலைக்குப் பிரிக்கும் கணக்கு, மத்தியானக் கணக்கு, பின்னேரக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம் என்றாலும் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. ஓர் எண்ணிக்கை பிசகினால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், சரிவரும்வரை. எட்டு மணித்தியால வேலைநாள் ஐந்தாகச் சுருங்குகிறது. பல வருடம் இப்படிப் பழகியவன் வெளியில் வந்து ஒரு மேசனுக்குக் கீழே காலை எட்டிலிருந்து ஐந்து மணிவரை கல் தூக்கினால் மூன்றாம் நாள் படுத்துவிடுவான். முதலாளி ‘மறியல்காரன் சோம்பேறி’ என்பார். அந்தச் சோம்பலை நாம்தான் நேரசூசி போட்டுப் பழக்கியிருக்கிறோம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். அனுராதபுரத்து வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும், கால் மணிக்கொரு தரம் ஒரு குவளை என்ற கணக்கில். வடமத்திய மாகாணம் காரணம் துலங்காத சிறுநீரக நோய்க்குப் பெயர்போன இடம், அங்கே எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதும் முக்கியம். முப்பது பேர் வேலை செய்யும் வயலுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு 150 லீற்றர் சுத்திகரித்த தண்ணீரைக் கொண்டுபோக ஒரு தாங்கியும் ஒரு கைவண்டியும் போதும். புனர்வாழ்வு என்று பெரிதாகப் பேசுமுன் அந்தக் கைவண்டி ஓடுகிறதா என்று பார்ப்போம்.

இப்போது என் வாதத்தின் நடு இடத்துக்கு வருகிறேன். முகாமில் பழக்கும் தொழிலுக்கும் அவன் திரும்பிப் போகும் ஊருக்கும் சம்பந்தம் இருக்கிறதா? கிண்ணியாவிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ போனவன் கடற்றொழிலாளி. அவனுக்கு இரண்டு வருடம் பால் கறக்கப் பழக்குகிறோம். வெளியே வந்தால் மாடும் இல்லை, மேய்ச்சல் நிலமும் இல்லை. அவனுக்குப் பழக்க வேண்டியது போட் எஞ்சின் திருத்தம்.

விளக்கமாகச் சொல்கிறேன், இதில் பெரிய செலவே இல்லை. ஒரு பழைய 15 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின், அதை மாட்ட மரச்சட்டம், காற்றாடி மூழ்கும் அளவுக்கு நன்னீர் நிரப்பிய தொட்டி, ஒரு பெட்டி ஸ்பனர் சாவி. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வந்து நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபுரேற்றரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்து முடிக்க வேண்டும். அதை மறந்தால் அடுத்தநாள் விடியப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். கியர் ஒயிலைத் திறந்துவிட்டால் பால் நிறத்தில் வருகிறதா, சீல் தேய்ந்து உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் இறைக்கும் றப்பர் இம்பெல்லரின் இதழ் ஒடிந்தால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகும், நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். இவ்வளவையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த கையை எந்தக் கரையோரத்திலும் சனம் தேடி வரும். எஞ்சின் நின்றுபோன படகுச் சம்மாட்டி, திருத்துகிறவனிடம் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பயிற்சி முடிவில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் கிடைக்க வேண்டும், அதில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது.

கூலியைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. கைதியின் உழைப்புக்கு நியாயமான ஊதியம், அதில் ஒரு பங்கு குடும்பத்துக்கு, ஒரு பங்கு விடுதலையின்போது கையில் கொடுக்கும் சேமிப்புக்கு என்று மண்டேலா விதி 103 சொல்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 500 ரூபாய், மாதம் 25 நாள், 12,500. அதில் மூன்றில் ஒன்றை வைப்பிலிட்டால் 18 மாதத்தில் 75,000 சேரும். வெளிக்கூலியோடு பார்த்தால் 500 ரூபாய் ஒன்றுமேயில்லை, ஆனாலும் இந்தத் தொகை அவனை முதல் இரண்டு மாதம் தூக்கி நிறுத்தும். இன்று கைதிக்குக் கொடுப்பதாகச் சொல்லப்படும் கூலியில் அப்படி ஏதாவது சேருமா? சேராது. வெறுங்கையோடு வருகிறவனை முதலில் வரவேற்கக் காத்திருப்பவன் பழைய தூள்காரன். அவன் கடன் கொடுப்பான், சான்றிதழும் கேட்க மாட்டான்.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் நூறு கிலோமீற்றருக்கு மேல், பல்லேகலை ஏறக்குறைய 180. சம்பூரிலிருந்து ஒரு மனைவி புறப்பட்டால் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும், பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். எல்லாம் சில நிமிடப் பார்வைக்காக. முதலில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு கடிதமும் நின்றுபோகும். வீட்டு விடுமுறையில் அனுப்பும் திட்டம் நம் சிறைத் துறையில் புதிதல்ல, அதைத் தாராளமாகப் பயன்படுத்தினால் போதும். முதலில் ஒரு பகல், பிறகு ஓரிரவு, பிறகு ஒரு கிழமை. ஊரும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகும். எட்டு வருடம் காணாதவன் ஒரு நாள் காலையில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிடத்தான் செய்வார். அவரைக் குற்றம் சொல்லலாமா, அண்ணா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போதைப்பொருள் விற்ற வழக்கென்றால் சில ஊர்களில் ஒதுக்கல் கடுமையாக இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது, தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுங்கள், நடுவர் அவர்களே. ஒன்று மட்டும்.

கடைசியாக விடுதலை நாள். வெளியே போகிறவனிடம் அடையாளப் பத்திரங்கள், தங்க இடம், பருவத்துக்கேற்ற உடை, ஊர்போய்ச் சேரவும் முதல் நாட்களைச் சமாளிக்கவும் வழி எல்லாம் இருக்க வேண்டும் என்பது 108ஆவது விதி. அடையாள அட்டையை மட்டும் எடுங்கள். தொலைந்துபோயிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், படம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம். விடுதலையான பிறகு தொடங்கினால் வாரக்கணக்கில் அலைச்சல். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, சிம் இல்லை, சோதனைச் சாவடியில் நிற்பாட்டினால் காட்ட ஒன்றுமில்லை. இதே வேலையை ஆறு மாதத்துக்கு முன்னரே முகாமின் நலன்புரி உத்தியோகத்தர் தொடங்கினால், வாசலால் வெளியே வரும்போது அட்டை சட்டைப்பையில் இருக்கும். அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பவிடாமல் எங்கள் ஊர்ச்சனம் யாராவது முகாமுக்குப் போய்க் கையைப் பிடித்தார்களா? எதிரணித் தலைவர் எழுந்து பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.