கண்ணாடிக்குப் பயந்து குடிக்கிறவர்கள்

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுத் தந்த வணிகர் சங்கத்தாரே, பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் ஐயாவுக்குத் தனி வணக்கம், இந்தக் கூட்டமே அவர் யோசனை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சரி, அந்தக் குஞ்சு தன்னை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டோமா?

மூக்கு கோணல், தோல் அசிங்கம் என்று நாளெல்லாம் அதே நினைப்பில் கிடந்து வாடுவதை உடல் உருவக் கோளாறு என்கிறார்கள். மற்றவர் கண்ணுக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது, தெரிந்தாலும் துளிதான். 1891லேயே இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி எழுதிவைத்த நோய் இது, பகட்டு கிடையாது. 2005ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இந்தக் கோளாறு உள்ள 176 பேரை விசாரித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் எப்போதாவது மதுவிலோ வேறு போதையிலோ சிக்கியவர்களாக இருந்தார்கள். ஏன்? இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, கூச்சம். எங்கள் உறவில் ஒரு பையன், இருபத்திரண்டு வயது. வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டையும் வெளியே திருப்பி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவான். பேசும்போது கைக்குட்டை மூக்கிலேயே இருக்கும், சளி என்று நாங்களும் நம்பினோம். அவன் அக்கா கல்யாணத்தில் போட்டோவுக்கு எல்லாரும் மேடை ஏறியாச்சு, மாப்பிள்ளை "மச்சான் எங்கே" என்கிறார், மண்டபம் முழுக்கத் தேடினால் சமையற்கட்டுக்குப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில், தண்ணீர் பாட்டிலில் கலந்து நின்றபடியே குடித்துக்கொண்டிருக்கிறான். கையை ஓங்கிவிட்டேன். "மாமா, இது இல்லாம அந்தக் கேமரா முன்னாடி என்னால நிக்க முடியாது மாமா" என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவன் அம்மா ஓடிவந்து முந்தானையால் முகத்தைத் துடைத்து, "என் ராசா மூக்குக்கு என்னடா குறை" என்கிறாள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. குஞ்சுக்கு அது போதவில்லையே!

இரண்டாவது, குடித்தால் கொஞ்ச நேரம் பதற்றம் அடங்குகிறது. இறங்கியதும் இன்னும் கூடுகிறது, காலையில் முகம் வீங்கிக் கிடக்கிறது, கண்ணாடியைப் பார்த்தால் மறுபடி பாட்டில்தான். பேச்சுவழிச் சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு உண்டு, அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். குடியை நிறுத்த வருகிறவனிடம் எவ்வளவு குடிக்கிறாய் என்கிறோம், கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மீதியை டாக்டர் அம்மா சொல்வார். நான் மூன்று வருஷமாகக் கேட்பது ஒன்றுதான். இது பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் தொடங்குகிற நோய். அந்த வயதுப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே மதுக்கடை எதற்கு? தலைவர் அவர்களே, அதை எடுக்க வேண்டும். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள், போன தடவை அது இல்லை என்றுதான் திருப்பி அனுப்பினார்கள்.