வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே! அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் சிற்றூர் இளைஞனைப் படையில் சேர்த்தது நாட்டுப்பற்றா, ஊரின் நெருக்குதலா என்பது தலைப்பு. ஊர்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 பேரைக் கேட்டார், அதற்கு மேலேயே வந்தார்கள் என்று சொல்லி எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கே வைத்துக் கேட்டார்கள் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டாரே!

இல்லினாய் மாநிலத்துக் கலீனா ஊருக்கு வாருங்கள். தெற்கத்திப் படை தாக்கிப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டை விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீதிமன்றக் கட்டடத்தில் கூட்டம். தலைமை தாங்குபவர், தந்தையின் தோல் கடையில் வேலை பார்க்கும் முன்னாள் ராணுவ அதிகாரி. பெயர் யுலிசிஸ் கிராண்ட். பேச்சுகள் முடிந்ததும் அங்கேயே ஆள் கேட்கிறார்கள். கூட்டம் கலைவதற்குள் கம்பெனி எனப்படும் படைக்குழு ஒன்று நிரம்பி, அதற்கு அதிகாரிகளையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது!

பக்கத்தில் இருந்தவன் எழுந்துவிட்டான், எதிரில் இருப்பவன் உங்களையே பார்க்கிறான். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று அந்த இடத்தில் எவனால் சொல்ல முடியும்?

அதோடு விட்டதா ஊர்? பெண்கள் கிராண்டிடம் சீருடை எப்படி இருக்கும் என்று விவரம் கேட்டு, பணம் திரட்டித் துணி வாங்கினார்கள். தையற்காரர்கள் வெட்டிக் கொடுக்க, இவர்களே தைத்தார்கள். அத்தை தைத்த சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே தெருவில் நடமாட முடியுமா, நடுவர் அவர்களே?

54ஆவது மாசச்சூசெட்ஸ் படைப்பிரிவின் கறுப்பின வீரர்களையும் நண்பர் எடுத்துக்காட்டினார். வெள்ளையருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தைத் தொட மறுத்தே போரிட்டார்கள். அவர்கள் முன்னால் நான் வாதாடமாட்டேன். ஆனால் அவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நம் தலைப்பு அவர்களைப் பற்றியது அல்ல.

இப்போது 1863க்கு வருவோம். மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 20 முதல் 45 வயது வரையிலான ஆண்களின் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பெயர் விழுந்தவன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பலாம், இல்லையென்றால் 300 டாலர் கட்டி விலகலாம். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். ஏறக்குறைய இரண்டு வருடச் சம்பளம்! கூலிக்காரன் எங்கே போவான்?

இத்தனை பேர் தர வேண்டும் என்று பகுதிவாரியாகக் கணக்கு உண்டு. தன்னார்வலர்களாலேயே அது நிரம்பிவிட்டால் குலுக்கல் கிடையாது. உடனே ஊர்கள் என்ன செய்தன? வரி போட்டன, கடன் வாங்கின, சேருகிறவனுக்கு ஊக்கத்தொகை அறிவித்தன. வெளியூர்க்காரன் வந்து சேர்ந்தாலும் சரி, நம் கணக்கில் எழுதினால் போதும். ஓர் ஊரில் தொகையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய், அடுத்த ஊரில் வேறு பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாட்டுப்பற்று இரண்டு மடங்கு என்று நண்பர் வாதாடினாலும் வியப்பில்லை!

மணி அடிப்பதற்குள் ஒரே ஒரு கேள்வி. நாடு ஒன்று, போர் ஒன்று, படையும் ஒன்று. அப்படியிருக்க, சேர்ந்தவன் எந்த ஊர்க் கணக்கில் வரவு வைக்கப்படுகிறான் என்பதற்கு ஊர்கள் ஏன் அடித்துக்கொண்டன? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.