பெட்டிக்கு ஒரு கடிகாரம்

வணக்கம் நேயர்களே.

எங்க அப்பா திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பது. திருகை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வானொலியில் செய்தி தொடங்கும் அந்த நொடியில் 'டக்'கென்று அமுக்குவார். "ஒரு நிமிசம் பிந்துனா என்னப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ரேடியோக்காரன் கடியாரம் பிந்தப்படாதுலே" என்பார். இன்றைக்கு நான் பேச வந்தது ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ வழியே ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்வதில், சின்னக் கணினியை இணைப்பதைப் பற்றி. ஆனால் எங்கே சுற்றினாலும் அப்பாவின் கடிகாரத்தில்தான் வந்து நிற்பேன்.

ஹாம் ரேடியோ என்றால் மைக்கைப் பிடித்துப் பேசுவது, அல்லது மோர்ஸ் என்ற தந்திக் குறி தட்டுவது என்றுதான் பலருக்கும் தெரியும். இப்போது மூன்றாவதாக ஒன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. கணினி ஒரு செய்தியை ஒலியாக மாற்றி ரேடியோவுக்குள் அனுப்பும். எங்கோ இன்னொரு கணினி அந்த ஒலியைக் கேட்டு எழுத்தாகத் திரையில் காட்டும். இப்படிப் பல முறைகள் உண்டு. அதிகம் புழங்குவது எஃப்டி-8. 2017-இல் வந்தது. ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்று இரண்டு அமெரிக்க ஹாம்கள் உருவாக்கியது. இதில் ஜோ டெய்லர், துணை விண்மீனோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சாரை, அதாவது துடித்துத் துடித்து ரேடியோ அலை வீசும் விண்மீனை, கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வானத்தின் மெல்லிய முனகலைக் கேட்டே பழகிய காது அவருக்கு.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு நிமிடத்தை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். தலைக்குப் பதினைந்து நொடி. ஒரு பதினைந்து நொடியில் நான் அனுப்புவேன், அடுத்த பதினைந்தில் நீங்கள். பேச்சு கிடையாது. அழைப்புக் குறி (உரிமத்தோடு ஒவ்வொரு ஹாமுக்கும் கிடைக்கும் தனிப் பெயர்), இருக்கும் இடம், கேட்கும் அளவு, அவ்வளவுதான். இடத்தைக்கூட ஊர்ப் பெயரால் சொல்வதில்லை. உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் எம்ஜே 88. தூத்துக்குடி பக்கத்துக் கட்டம், எம்ஜே 98.

இதன் பலம் என்னவென்றால், நம் காதுக்கு எட்டாத குரலையும் அது பிடித்துவிடும். ஒரு ஆள் பேச எடுத்துக்கொள்ளும் அலைவரிசை அகலத்தில் மொத்தம் எவ்வளவு இரைச்சல் உண்டோ, அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிக்னலையும் படிக்கும். எப்படி முடிகிறது? ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால நெரிசலில் நிற்கிறீர்கள். எதிர்ப்புறத்திலிருந்து ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்காது. ஆனால் இத்தனையாவது நொடியில் வாயைத் திறப்பார், இன்ன மாதிரி வார்த்தைதான் சொல்வார் என்று முன்னமே தெரிந்திருந்தால்? காதைத் தீட்டிக்கொண்டு பிடித்துவிடலாம். எஃப்டி-8 செய்வது இதைத்தான். ஆகவே இரண்டு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். ஒரு நொடிக்குள் இருந்தால் நல்லது. இரண்டு, மூன்று நொடி பிசகினால் ஒன்றும் தேறாது.

இங்கேதான் சின்னக் கணினியின் குறை வருகிறது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியைத்தான் நம் ஆட்கள் அதிகம் வாங்குகிறார்கள். விலை குறைவு, கரண்ட் செலவு குறைவு, சத்தம் போடாமல் ஒரு மூலையில் கிடக்கும். அதன் பழைய பதிப்புகளில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் இருந்தால் அதிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால், கடைசியாக அணைத்தபோது என்ன மணியோ அங்கிருந்தே மறுபடி தொடங்கும். கோவில்பட்டி தாண்டும்போது பஸ்ஸில் தூங்கிப்போனவர் வள்ளியூரில் கண் விழித்து, இன்னும் கோவில்பட்டிதான் என்று நினைப்பது மாதிரி.

2023 டிசம்பர் 17, 18-ஐ நம் சீமையில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டி ஓடியது. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, நெட் இல்லை. கார் பேட்டரியைக் கழற்றி வந்து ரேடியோவையும் ராஸ்பெர்ரி பையையும் இயக்கினேன். திரையில் சிக்னல்கள் கோடு கோடாக மழை மாதிரி இறங்குகின்றன. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுக்க ஆட்கள். ஒரு வரிகூட எழுத்தாக வரவில்லை. ஆண்டெனாவைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், சவுண்ட் கார்டை மாற்றினேன். ஒரு மணி நேரம் போயிற்று. மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள்தான் கேட்டாள்: "ஏன்ப்பா, இதுல மணி நேத்து மத்தியானம்னு காட்டுதே?"

நெட் இல்லாமல் நேரத்துக்கு எங்கே போவது? ரேடியோ இருக்கிறதே! பத்து மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் என்ற நேர ஒலிபரப்பு நிலையம் பெரும்பாலான நேரம் நொடிக்கு ஒரு 'டிக்' அனுப்பிக்கொண்டிருக்கும். நிமிடம் பிறக்கும்போது அந்த 'டிக்' கொஞ்சம் நீளமாக வரும். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மகள் புது நேரத்தைத் தட்டச்சு செய்துவிட்டு என்டர் விசையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். நீளமான 'டிக்' விழுந்ததும் நான் கையை இறக்கினேன், அவள் தட்டினாள். மூன்றாவது முயற்சியில் சரியாக விழுந்தது. அடுத்த பதினைந்து நொடி முடிந்ததும் திரையில் முதல் வரி, இந்தோனேசியாவிலிருந்து ஒரு அழைப்பு. அப்புறம் ஜப்பான், இத்தாலி என்று வரிசையாக. அப்பா திருகை அமுக்கிய அதே வேலையைத்தான் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் செய்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் உதவி கேட்க எஃப்டி-8 ஆகாது. அதில் சொந்தமாக எழுத ஒரு தடவைக்கு 13 எழுத்துதான் இடம். படகு எங்கே வேண்டும், யாருக்கு மருந்து வேண்டும் என்று சொல்ல வாய்ப்பேச்சு வேண்டும். இல்லாவிட்டால் எஃப்டி-8 வழியில் வந்த 'ஜேஎஸ்-8 கால்' என்ற மென்பொருள் மாதிரி, வாக்கியமாக எழுத விடும் முறை வேண்டும். அதற்கும் கடிகாரம் வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கடிகாரம்.

ஆகவே ராஸ்பெர்ரி பை வாங்கும்போதே டிஎஸ்-3231 என்ற கடிகாரச் சில்லை, பட்டன் செல்லோடு சேர்த்து வாங்கி மாட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடிகூடத் தவறாது. 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை ஐந்தாம் பதிப்பில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பேட்டரியை நாம்தான் தனியாக வாங்கிச் செருக வேண்டும். வானம் தெரிகிற ஜன்னல் இருந்தால், செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுக்கும் ஜிபிஎஸ் கருவி இன்னும் உத்தமம்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். ராஸ்பெர்ரி பைக்கு நல்ல பவர் சப்ளை வேண்டும். பழைய செல்போன் சார்ஜர் வேண்டாம். பெட்டி திணறும், போதாததற்கு மட்டமான சார்ஜர் ரேடியோவுக்குள் இரைச்சலையும் கொட்டும். கரண்ட் படக்கென்று போனால் மெமரி கார்டு கெடலாம். இன்னொரு கார்டில் நகல் எடுத்து வையுங்கள். கணினியிலிருந்து போகும் ஒலியைக் கூட்டினால் தூரம் கூடும் என்று நினைக்காதீர்கள். கூட்டினால் சிக்னல் சிதறும், பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை. பதினைந்து நொடியில் பன்னிரண்டரை நொடிக்கு மேல் ரேடியோ முழு மூச்சாக உழைக்கிறது. நூறு வாட் பெட்டியை முப்பது, நாற்பதில் வைத்தாலே போதும். தொட்டுப் பாருங்கள், சுட்டால் குறையுங்கள்.

நேரமாயிற்று என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நம் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல நினைத்திருந்தேன். புவியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். சூரியன் சாய்ந்த பிறகு நம் தலைக்கு மேலே அயனி மண்டலம், அதாவது ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் வான் அடுக்கு, கொந்தளிக்கும் விதம் டெல்லிக்காரருக்குக் கிடைக்காதது. ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோவைப் போட்டு வைத்து நீங்களே பாருங்கள்.

உரிமம் இல்லாமல் அனுப்பும் பொத்தானைத் தொடக் கூடாது. 12 வயது நிறைந்த யாரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதலாம். தொடக்க நிலைத் தேர்வில் மோர்ஸ் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்டர் விசையில் விரல் வைக்க ஒரு ஆள் வேண்டும்.

நன்றி, வணக்கம்.