அமால்ஃபிக்குப் படகில் போவது

வணக்கம்.

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறேன், எந்தப் படகில் ஏறலாம் என்று யாராவது கேட்டால், நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். படகு உங்களுக்கு ஊர் போய்ச் சேர ஒரு வண்டியா, இல்லை படகில் இருப்பதேதான் அன்றைய பொழுதா? இதை யோசிக்காமல் டிக்கெட் வாங்கியவர்கள்தான் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒரு நிலத்துண்டு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தென்புறச் சரிவுதான் அமால்ஃபி கரை. மேற்கே பொசித்தானோ, நடுவில் அமால்ஃபி, கிழக்கே போகப் போக மினோரி, மயோரி, சேத்தாரா என்று சின்னச் சின்ன ஊர்கள். அதைத் தாண்டினால் சலெர்னோ நகரம். மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம். 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதல் நாள் நானும் அக்காவும் சலெர்னோவில் பஸ் ஏறினோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எதிரே இன்னொரு பஸ் வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கி நிற்க வேண்டும். பாதி வழியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அமால்ஃபியில் இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்து, "ஏன்டா, இந்த ஊருக்கு வேற வழியே இல்லையா?" என்றாள்.

இருக்கிறது. அதுதான் பழைய வழியும்கூட. அந்த மலைச்சாலை 19ஆம் நூற்றாண்டில் போட்டது. அதற்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் இந்த ஊர்களுக்குச் சரக்கும் ஆளும் வந்துபோக மலையில் கழுதைப் பாதை, இல்லாவிட்டால் கடல். அமால்ஃபி ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பீசாவோடு சேர்த்துப் பேசப்பட்ட கடல் வணிகக் குடியரசு. 1343இல் வந்த பெரும் கடற்கொந்தளிப்பு துறைமுகத்தையும் கீழ் ஊரையும் வாரிக்கொண்டு போனது. அப்படியும் ஊர் கடலைப் பார்த்தே நிற்கிறது. வீட்டு முகப்பு, மாதா கோவில், பழைய காவல் கோபுரங்கள் எல்லாமே கடலிலிருந்து வருகிறவர்கள் கண்ணுக்கு. பஸ்ஸில் போகிறவர் ஊரின் பிடரியைத்தான் பார்க்கிறார்.

ஆகவே மறுநாள் படகு. சலெர்னோ ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே படகுத்துறை இருக்கிறது. அமால்ஃபிக்குச் சுமார் 35 நிமிடம், பொசித்தானோவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பஸ் மாதிரி நின்று நின்று போகிற பயணிகள் படகுதான் இது, சுற்றுலாப் படகு இல்லை. விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, குளிர்பானம் கொடுக்க மாட்டார்கள். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் கரையை ஒட்டியே போகும். சலெர்னோவிலிருந்து போகும்போது மேல்தளத்தில் வலப்பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான். எலுமிச்சைத் தோப்புகள் படிப்படியாக மலையில் ஏறுவதையும், அவற்றின் மேல் விரித்த கறுப்பு வலைகளையும் அங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். ஊர் பார்க்க மட்டும் ஆசை என்றால் இந்த டிக்கெட் போதும். இதை நான் அடித்தே சொல்வேன்.

பொசித்தானோவில் படகு கட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். அங்கே பெரிய துறைமுகம் கிடையாது, கடற்கரையிலிருந்து நீளும் ஒரு துறைமேடை அவ்வளவுதான். படகுக்காரர் கயிற்றை வீச, மேடையில் நிற்பவர் பிடித்து இரும்புக் குற்றியில் இரண்டு சுற்று சுற்றுகிறார். பலகை இறங்குகிறது. அலைக்கு ஏற்ப அதன் நுனி மேடையில் முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. சக்கரப் பெட்டியை அதன்மேல் உருட்டினால் மாட்டிக்கொள்ளும், தூக்கித்தான் போக வேண்டும். கடல் கொஞ்சம் எழும்பினாலும் படகு அங்கே அணையாது, அடுத்த ஊருக்குப் போய்விடும். எங்களுக்கே அப்படி நடந்தது. பொசித்தானோ கண் முன்னால் வந்து, அப்படியே பின்னால் போனது. அக்கா கைகாட்டி வழியனுப்பி வைத்தாள்.

நம் கடலோரத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பதுபோல அங்கும் உண்டு. தென்கிழக்கிலிருந்து வருவது சிரோக்கோ, தென்மேற்கு லிபெச்சோ. இந்தக் கரை தெற்கே திறந்து கிடப்பதால் இந்த இரண்டும்தான் தொல்லை. காலையில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று பிடிக்கும். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முதல் படகைப் பிடியுங்கள், நடுவில் இல்லாவிட்டால் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் வேண்டாம்.

இனி, படகிலேயே பொழுதைக் கழிக்க நினைக்கிறவர்கள். கடலில் குதித்து நீந்த வேண்டும், பாறைக் குகைக்குள் எட்டிப்பார்க்க வேண்டும் என்றால் சின்னப் படகுச் சுற்றுலா நல்லது. கொத்சோ என்று உள்ளூர் மரப்படகு ஒன்று இருக்கிறது, மீன்பிடிக்கக் கட்டிய வடிவம், இப்போது பாதிக்கு மேல் சுற்றுலாவுக்குத்தான் ஓடுகிறது. விலை கேட்கும்போதே படகில் எத்தனை பேர், எத்தனை தடவை நிறுத்தி நீந்த விடுவீர்கள், மழை வந்தால் பணம் திரும்புமா என்று கேட்டுவிடுங்கள். சுமார் 40 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின் படகை இத்தாலியில் உரிமம் இல்லாமலேயே வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். நீச்சல் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான் ஏமாந்தது பக்கத்துத் தீவான காப்ரியில். நீலக் குகை அடங்கிய பயணம் என்று ஒருவர் விற்றார். அடங்கியது குகை வாசல் வரைக்கும்தான். உள்ளே போகத் தனி டிக்கெட், தனித் துடுப்புப் படகு, வெயிலில் கடல் நடுவே வரிசை. வாசல் உயரம் ஒரு மீட்டர்தான். படகில் மல்லாந்து படுத்துக்கொள்ள, துடுப்புக்காரர் சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோகிறார். சூரிய ஒளி தண்ணீருக்கு அடியில் உள்ள திறப்பு வழியாக வடிகட்டி வருவதால் அந்த நீலம். கையை விட்டால் விரலெல்லாம் வெள்ளி பூசினதுபோல் இருக்கிறது. ஐந்து நிமிடம், முடிந்தது. போகலாமா என்றால் போகலாம், ஆனால் அலை கொஞ்சம் உயர்ந்தால் வாசலை மூடிவிடுவார்கள். ஆகவே அதை நம்பி ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள். காப்ரியிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்தக் கரையோரப் படகுகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி பயன்படாது. அவர்களுக்கு அக்காவின் பஸ்தான். சலெர்னோவில் ஏறினால் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்.