ஆண்டுக்கு இரண்டு சண்டை போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்தே தீரும். "அந்தக் காலத்து ஆட்கள் மாதம் இரண்டு தடவை மோதினார்கள். இப்போது இருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை ரிங்கில் ஏறவே யோசிக்கிறார்கள். எல்லாம் பயம்!" இதில் முன்பாதி உண்மை. பின்பாதியோடுதான் எனக்குச் சண்டை.

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937இல் 27 முறை மோதினார். அத்தனையிலும் வெற்றி, அதில் 26 நாக் அவுட். 1939 அக்டோபரில் ஒரே மாதத்துக்குள் வெல்டர்வெயிட் என்ற எடைப்பிரிவில் தன் உலகப் பட்டத்தை ஐந்து முறை பணயம் வைத்தார். இன்றைய சாம்பியன் ஒருவருக்கு அதே ஐந்துக்கு இரண்டரை, மூன்று வருஷம் ஆகிவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1943 பிப்ரவரி. 5ஆம் தேதி டெட்ராய்ட்டில் சுகர் ரே ராபின்சனும் ஜேக் லாமோட்டாவும் மோதுகிறார்கள். ராபின்சன் அதுவரை தொழில்முறையில் தோற்றதே கிடையாது. லாமோட்டாவோ அவரைவிடப் பல பவுண்டு கனமானவர். எட்டாவது சுற்றில் ராபின்சனைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளிவிடுகிறார். பத்து சுற்று முடிந்ததும் தீர்ப்பு லாமோட்டாவுக்கு. முதல் தோல்வி! இன்றைக்கென்றால் பயிற்சியாளரை மாற்றுவார்கள், ஆறு மாதம் ஆளையே பார்க்க முடியாது. ராபின்சன் 19ஆம் தேதி நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு பத்து சுற்று ஆடி ஜெயிக்கிறார். 26ஆம் தேதி மறுபடி டெட்ராய்ட், மறுபடி அதே லாமோட்டா. ஏழாவது சுற்றில் கீழே விழுந்து, எழுந்து, பத்தாவது முடிவில் வெல்கிறார். மூன்று வாரத்தில் முப்பது சுற்று, அதில் இருபது தன்னை வீழ்த்திய ஆளோடு.

இதை வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அது பிழைப்பு. வாசலில் டிக்கெட் விற்ற காசில்தான் கூலி. அதிலும் மேலாளர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஏறாத வாரம் வருமானமில்லாத வாரம். ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குத்துச்சண்டை அரங்குகள் இருந்ததால் ஏறுவதற்கு இடமும் இருந்தது. தொலைக்காட்சி வந்ததும் இது மாறியது. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் பெரிய சண்டைகள் வீட்டுக்கே இலவசமாக வந்தன. பக்கத்துத் தெரு அரங்குக்குக் காசு கொடுத்துப் போக யாருக்கு மனம் வரும்? ஐம்பதுகளில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் தோற்றுத் தோற்றுத் தொழில் கற்ற இடங்கள் அவை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஹாரி கிரெப் 1919இல் மட்டும் 45 முறை மோதினார். அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி தீர்ப்பு வழங்கவே கூடாது. யாரும் விழாவிட்டால் அதிகாரபூர்வ முடிவு என்று ஒன்று இல்லை. யார் ஜெயித்தார் என்பதை மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். ஆக, ஒரு மோசமான இரவுக்கு அன்று பெரிய விலை கிடையாது.

சரி, எண்ணிக்கை குறைந்ததற்கு மருத்துவக் காரணம்? அதைத் தள்ளிவிட முடியாது. கிரெப் ஒரு கண்ணில் பார்வை போன பிறகும் அதை மறைத்து ஆடியவர். ராபின்சன் கடைசி வருஷங்களில் நினைவிழந்து, 1989இல் காலமானார். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ, பதினாலாவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகளில் 15 சுற்று 12 ஆகத் தொடங்கியது. நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஏறவிடாமல் தடுப்பதும் இன்று நடைமுறை. இவை எல்லாம் வேண்டும். வருஷத்துக்கு 45 சண்டை திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மைக் டைசன் 1985இல் 15 முறை, 1986இல் 13 முறை மோதினார். கிம் இறந்து மூன்று, நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆகவே, எண்ணிக்கை குறைந்ததற்கு டாக்டர்கள் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பெரிய காரணம், தோல்வியின் விலை ஏறிவிட்டது. பே-பெர்-வியூ, அதாவது ஒவ்வொரு சண்டைக்கும் தனியாகக் காசு கட்டித் தொலைக்காட்சியில் பார்க்கும் முறை, வந்த பிறகு ஒரு சண்டை ஒரு இரவு வேலையாக இல்லை, பெரிய முதலீடு. அதில் வீரரின் தோல்விக் கணக்கில் இருக்கும் சுழியம்தான் சரக்கு. ஃபிளாய்டு மேவெதர் 50 வெற்றி, தோல்வி சுழியம் என்று முடித்தார். ரசிகர்கள் காசு கொடுத்ததே அந்தச் சுழியம் உடைகிறதா என்று பார்க்கத்தான். அவரும் மேனி பக்கியாவோவும் மோத 2009 கடைசியிலேயே பேச்சு ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை விவகாரத்தில் உடைந்தது. மோதியது 2015 மே மாதம். ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. சுமார் 46 லட்சம் பேர் பே-பெர்-வியூவில் வாங்கினார்கள். ஆட்டம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்! பணக் கணக்கில் பார்த்தால் தாமதித்தவர்கள்தான் புத்திசாலிகள். ராபின்சனும் லாமோட்டாவும் 1942க்கும் 1945க்கும் நடுவில் மட்டும் ஐந்து முறை மோதிவிட்டார்கள்.

வாரக்கணக்கில் பயிற்சி முகாம், முந்தின நாளே எடை பார்ப்பதால் கூடுதலாக எடையை இறக்கி ஏற்றுவது, ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் நாலு அமைப்புகள் தனித்தனியாகத் தரும் நாலு உலகப் பட்டங்கள் என்று இன்னும் காரணங்கள் உண்டு. முடியாது என்பதல்ல. கனேலோ அல்வாரெஸ் 2020 டிசம்பரிலிருந்து பதினொரு மாதத்துக்குள் நாலு சண்டை ஆடி, சூப்பர் மிடில்வெயிட் எடைப்பிரிவின் நாலு பட்டத்தையும் சேர்த்தார். நவோயா இனோவே 2025இல் நாலு முறை ஏறினார். இருவருமே பட்டத்துக்கு ஆடியவர்கள்.

சில வருஷமாக சவூதிப் பணம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டியிருக்கிறது. தோற்றாலும் கைநிறையக் கிடைக்கும் என்றால் ஏற யாருக்குத் தயக்கம்? 2024 அக்டோபரில் ரியாத்தில் ஆர்தர் பெதர்பியேவும் டிமித்ரி பிவோலும் பட்டத்துக்காக மோதினார்கள். இரண்டு பேருக்குமே அதுவரை தோல்வி கிடையாது. பிவோலின் சுழியம் போயிற்று. நாலே மாதத்தில், அதே ரியாத்தில், மறுபடி ஏறி பெதர்பியேவை வென்று நாலு பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் எத்தனை வருஷம் வரும், நின்றுபோனால் இவர்களை யார் இணைத்துவைப்பார் என்பதற்கு சண்டைகளை ஏற்பாடு செய்யும் எந்த புரமோட்டரும் இன்னும் பதில் சொல்லவில்லை.