மாநிலத்தைப் பிரித்தால் யாருக்குக் கொண்டாட்டம்?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி எனக்கு மிச்சம் எதுவும் வைக்காத பேராசிரியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்களே (இப்போதைக்கு நீங்கள் எல்லோருமே முன்னாள்தான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்), தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைப் பொருளாதார மேதை என்றார். நான் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். பொன்னாடைக்கு நன்றி. போன கூட்டத்தில் நான் பேராசிரியருக்குப் போர்த்தியது இதுதானோ என்று ஒரு சந்தேகம்.

மூன்று விஷயங்கள் பேசப் போகிறேன். ஒரு மாநிலத்தைப் பிரித்தால் கஜானா என்ன ஆகிறது, அரசியல் என்ன ஆகிறது. மூன்றாவது மொழி. தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு, ஆந்திரா பிரிந்த 1953, சென்னை யாருக்கு என்ற போராட்டம், சென்னை தமிழருக்கே என்று நின்ற ம.பொ.சி. எல்லாம் அதில் வரும்.

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்துக் கலைஞர்கள் இருந்தால் கோபிக்க வேண்டாம். நான் சொல்லும் கூத்தாடி டெல்லியில் இருக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், அதன்படி நடக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் தெலங்கானாவைப் பிரிக்கும் மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடுவில் மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் மிளகு ஸ்பிரே அடித்து, சக உறுப்பினர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கூத்தும் நடந்தது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.

சரி, கஜானாவுக்கு வருவோம். பழைய ஆந்திராவின் மக்கள்தொகையில் சுமார் 58 சதவீதம் ஆந்திராவிடமே தங்கியது. வரி கொட்டும் ஐதராபாத் தெலங்கானாவுக்குப் போனது. பத்தாண்டுக்கு மிகாமல் அது பொதுத் தலைநகரம் என்றார்கள். டெல்லியிலிருந்து கூடுதல் உதவி தரும் சிறப்பு அந்தஸ்து ஆந்திராவுக்கு ஐந்தாண்டுக்கு உண்டு என்று மாநிலங்களவையில் பிரதமரே சொன்னார், வரவில்லை. அமராவதிக்கு விவசாயிகள் 30,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார்கள். 2015இல் அடிக்கல், 2019இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகரத் திட்டம், 2024இல் மறுபடி அமராவதி. நிலம் கொடுத்தவன் நிலையை யோசியுங்கள்.

பணம் போன ஊரை விடுங்கள், பணம் வந்த ஊரையாவது பார்ப்போம். 2000இல் பிகாரைப் பிரித்தபோது நிலக்கரியும் இரும்பும் ஜம்ஷெட்பூரும் பொகாரோவும் ஜார்க்கண்டுக்குப் போயின. இருபது வருஷம் கழித்து நிதி ஆயோக் வெளியிட்ட முதல் பல்பரிமாண வறுமை அறிக்கையில் (கல்வி, உடல்நலம், வாழ்க்கைத்தரம் மூன்றையும் வைத்து ஏழைகளை எண்ணும் அறிக்கை) பிகார் சுமார் 52 சதவீத ஏழைகளுடன் முதலிடம், ஜார்க்கண்ட் 42 சதவீதத்துடன் இரண்டாமிடம். சுரங்கம் கைக்கு வந்தும் குடிசை மாறவில்லை. அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்த உத்தராகண்டில் ஹரித்வார், பந்த்நகர் பக்கம் தொழிற்சாலைகள் வந்தது உண்மைதான். 2003இல் டெல்லி கொடுத்த வரிச்சலுகை அதற்கு முக்கியக் காரணம். இங்கேயும் கூத்தாடிதான்.

இப்போது நாகார்ஜுனசாகர் கதையைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணா நதிக்குக் குறுக்கே, நேரு 1955இல் அடிக்கல் நாட்டிய அணை. மதகுகள் மொத்தம் 26. மாநிலம் பிரிந்தபின் அணைக்கு ஒரு கரை தெலங்கானா, மறுகரை ஆந்திரா. இயக்கும் பொறுப்பு தெலங்கானாவிடம் இருந்தது. 2023 நவம்பர் 30, தெலங்கானாவில் வாக்குப்பதிவு. போலீஸ் தேர்தல் வேலையில் மும்முரம். விடிவதற்கு முன் நூற்றுக்கணக்கான ஆந்திரப் போலீசார் அணைமேல் ஏறிவிட்டார்கள். ஏறியவர்கள் என்ன செய்தார்கள்? மதகுகளை எண்ணினார்கள்! ஒன்று, இரண்டு என்று பதின்மூன்றாவது வரை வந்து, அங்கே முள்வேலி போட்டார்கள். இருபத்தாறில் பாதி பதின்மூன்று. கணக்கு சுத்தம், நானே பேரேட்டில் இப்படி எழுதியதில்லை. அப்புறம் ஆந்திராவுக்குப் போகும் வலதுகரைக் கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் தெலங்கானா போலீஸ், இந்தப் பக்கம் ஆந்திரா போலீஸ். இரண்டு பேரும் பேசுவது தெலுங்கு. பத்து வருஷத்துக்கு முன் ஒரே டி.ஜி.பி.க்கு சல்யூட் அடித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். கடைசியில் அணைக்குக் காவல் யார்? மத்திய ரிசர்வ் போலீஸ் படை. சொல்லுங்கள், ஊர் இரண்டு பட்டால்... ஆம், பின்வரிசைக்குக்கூடப் பாடமாகிவிட்டது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய சட்டமன்றம் என்றால் நாலு பேர் தாவினால் ஆட்சி கவிழும். 81 இடங்கள் கொண்ட ஜார்க்கண்டில் 2006இல் ஒரு சுயேச்சை உறுப்பினர் முதலமைச்சரானார். மாநிலத்தைப் பிரித்த காங்கிரஸ், 2014 தேர்தலில் ஆந்திராவில் ஓர் இடம்கூட வாங்கவில்லை. தெலங்கானாவிலும் ஆட்சி கிடைக்கவில்லை.

அப்படியானால் தனி மாநிலம் கேட்பவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. உத்தராகண்ட் மலைக்கிராமத்துக்காரன் ஒரு காரியத்துக்காக லக்னோ வரை போக வேண்டியிருந்தது, அதனால் கேட்டான். அவன் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அதிகாரம். கிடைத்தது டேராடூனில் இன்னொரு தலைமைச் செயலகம். 2021இல் நம் பக்கம் கொங்கு நாடு என்று பேச்சு எழுந்ததே, அப்போதும் நான் இதைத்தான் சொன்னேன். கோவையில் கோட்டை கட்டினால் மட்டும் உங்கள் தெருவில் குடிநீர்க்குழாய் போட உங்களுக்கு அதிகாரம் வந்துவிடுமா?

வழி இருக்கிறது. ஊராட்சிகளுக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் ஊராட்சிகளுக்கென்று எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் நாம் என்ன செய்தோம்? 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரி 5இல் 28 மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அதிகாரிகள் வந்தார்கள். டெல்லி மாநிலத்துக்குச் செய்வதைச் சென்னை ஊராட்சிக்குச் செய்கிறது. மாநில சுயாட்சி பேசும் கட்சிகள் எல்லாம் இதில் மட்டும் ஒற்றுமை! இங்கே ஊர் இரண்டு படவே இல்லை, ஆனாலும் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நிமிடம் இரண்டு’ என்று போட்டு இரண்டு கோடு வேறு. ஸ்ரீராமுலுவும் ம.பொ.சி.யும் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கட்டும்.

உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சியின் பெயரையும் வார்டு எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். போன முறை கொடுத்த மனுவில் முகவரி புரியவில்லை என்று பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.