குளியலறைச் சுவரில் ஒரு குட்டி வெற்றிலை

நேயர்களுக்கு வணக்கம். பெரணி என்றதும் உங்களில் பாதிப் பேருக்குச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பூச்சோக் பாக்குக் கீரை நினைவுக்கு வந்திருக்கும். மீதிப் பேருக்குச் செம்பனை மரத்தின் உடம்பெல்லாம் தொங்கும் பச்சைத் தாடி. இரண்டும் பெரணிதான். ஆனால் நான் பேச வந்திருப்பது உங்கள் கண்ணில் படாத பெரணியைப் பற்றி.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் பழைய வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர் இருந்தது. தொட்டி கசிந்து எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா தென்னந்துடைப்பத்தோடு அங்கே போய்விடுவார். “பாசிடா, வழுக்கி விழுந்து வைப்பாய்” என்பார். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தா பத்திரிகை படிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப்போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தேன். பாசி இல்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத குட்டி வெற்றிலைகள்! நுனிக்குப் பதில் மேலே ஒரு பள்ளம், அடியில் மயிர்போல் வேர்கள், செங்கல்லோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. அம்மாவிடம் கெஞ்சி ஒரு முழச் சுவரை மட்டும் துடைப்பத்திலிருந்து காப்பாற்றினேன். சில மாதங்கள் போனபின், ஒரு வெற்றிலையின் பள்ளத்துக்குக் கீழிருந்து சுருண்ட குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது. பெரணி! அம்மா வந்து பார்த்துவிட்டு, “சரி, இந்த மூலை உனக்கு” என்றார்.

அந்த வெற்றிலைக்குப் புரோதாலஸ் என்று பெயர். பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவே, நோய் என்று பலர் கிள்ளி எறிவார்கள், தயவுசெய்து எறியாதீர்கள், அதிலிருந்து உதிரும் வித்துத்தூள் முளைத்துத்தான் இது வருகிறது. ஆணும் பெண்ணும் இதில்தான். ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேரவேண்டும். ஈரச் சுவர் ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இனி நான் யாரைக் கண்டாலும் சொல்லும் கதை. 1950இல் வால்டர் டோப் என்ற ஜெர்மானியர், முதிர்ந்த புரோதாலஸ்களிலிருந்து கசியும் ஏதோ ஒன்று பக்கத்து இளசுகளைச் சீக்கிரமே ஆணாக்கிவிடுவதைக் கண்டார். ஒரு ஹார்மோன். முந்திக்கொண்டு வளர்ந்தது பெண்ணாகிறது. பின்தங்கியவற்றைப் பார்த்து, ‘நீங்கள் ஆணாக இருங்கள்’ என்று சொல்லிவிடுகிறது. வாயால் இல்லை, தண்ணீர் வழியாக.

அந்த வகை ஹார்மோன், வேதியியலாக இனங்கண்ட பெரணிகளில், ஜிப்ரலின் குடும்பம். கெடாவில் நெல் நடும் நேயர்களுக்கு ஜிப்ரலினைத் தெரிந்திருக்கும்: நாற்றை நெட்டையாக வளர்த்துச் சாய்த்துவிடும் பூஞ்சை நோய்க்கு அதுதான் காரணம். பூஞ்சை கசியவிடும் ஒரு பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர் காட்டினார். பெரணியில் நடப்பது இன்னும் சாமர்த்தியம். வேலிகளில் படரும் ரிபு-ரிபுவின் ஜப்பானிய உறவுக்கொடியை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். மூத்தது ஜிப்ரலினைப் பாதி மட்டும் சமைத்து வெளியே விடுகிறதாம். இளசு அதை உறிஞ்சி மீதியைத் தன் வீட்டில் சமைத்துக்கொள்கிறதாம். மாவு ஒரு வீட்டில், தோசை அடுத்த வீட்டில்! மீதிச் சமையலுக்கான நொதி இளசிடம்தான் மிகுதி.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நேரம் ஓடிவிட்டது, வானொலி நிலையக் கண்ணாடிக்கு அப்பால் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். வித்துத்தூள் முளைக்கப் பெரும்பாலும் வெளிச்சம் வேண்டும், குறிப்பாகச் சிவப்பு வெளிச்சம். சிவப்பு மட்டுமே கிடைத்தால் நூலாக நீண்டுகொண்டே போகும்; நீலமும் விழுந்தால்தான் நூல் விரிந்து வெற்றிலையாகும். ஆனால் மண்ணுக்குள் இருட்டில் புதைந்த வித்து என்ன செய்யும்? சில பெரணிகளில், மேலிருந்து இறங்கிவரும் அந்த ஆண் ஹார்மோனே வெளிச்சத்தின் வேலையைச் செய்து இருட்டிலேயே முளைக்க வைத்துவிடுகிறது. பாருங்கள், திரும்பவும் அதே ஹார்மோன்!

இன்னொன்று. சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து உணரும் நியோக்ரோம் என்ற புரதம் பல பெரணிகளிடம் இருக்கிறது. கொடிமலைக் காட்டின் மங்கல் வெளிச்சத்தில் பிழைக்க ஏற்ற கருவி. அதன் மரபணு பெரணியின் சொந்தச் சொத்து இல்லை. ஏறத்தாழ 17 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பாசிக்கு உறவுக்காரச் செடியான ஹார்ன்வொர்ட்டிடமிருந்து கைமாறி வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எப்படிக் கைமாறியது என்று... ஒரு விரல். ஆக்சின் என்ற இன்னொரு செடி ஹார்மோனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. தண்ணீர்மலைப் பக்கம் போகிறவர்கள் பையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாய்க்கால் ஓரத்து ஈரக்கல்லில் வைத்துப் பாருங்கள். வணக்கம்.